டீக்குத் திரும்பிவிடுவேன்

தெல்மா ஹார்க்கர் விடுமுறையைக் கழிக்க என் விடுதிக்கு வந்தது பதினான்கு மைல் தள்ளியிருக்கும் ஒரு மலைக் கிராமத்திலிருந்து. காரில் வந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. அவளும் அவள் கணவர் நார்மனும் காலையில் கிளம்பி ஒரு பஸ், ஒரு ரயில், பிறகு இன்னொரு பஸ் என்று உலகத்தையே சுற்றிக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் எங்கள் ஊர் ஆல்டர்விக்கின் சந்தைத் திடலில் வந்து இறங்கினார்கள். பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை, அதற்குள் தெல்மா கணவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நல்லாத்தான இருந்துச்சு நார்மன்? சன்னலோர சீட்டு கெடச்சுதுல்ல? அந்த ஆத்துப் பாலம் பாத்தியா?"

"ம்" என்றார் நார்மன்.

அது நல்ல "ம்"மா கெட்ட "ம்"மா என்று தெரியாமல் அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எப்படித் தெரியும்? அந்த மனுஷரை நானே அப்போதுதான் பார்க்கிறேன்.

என் விடுதியில் கார் நிறுத்த இடமில்லை. அதற்காகவே கோபித்துக்கொண்டு திரும்பிப் போனவர்கள் உண்டு. ஒருநாள் எனக்கும் கோபம் வந்து, "கார் இல்லாமல் வாருங்கள்" என்று வாசலில் பலகை மாட்டிவிட்டேன். குறையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இந்த ஊரில் முப்பது வருஷம் குப்பை கொட்டியதில் வந்த சாமர்த்தியம். பலகையைப் பார்த்து வருகிறவர்கள் பெரும்பாலும் முதுகில் பையும் காலில் சேற்றுப் பூட்ஸுமாக நகரத்து இளவட்டங்கள். எழுபது தாண்டிய ஜோடி, அதுவும் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையே காரணம் தெரிந்துவிட்டது. நார்மன் குளித்துக்கொண்டிருந்தபோது தெல்மா சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கண்ணு, ஒரு ஒதவி. அவனுக்கு பேக்கன் கறி மொறுமொறுன்னு இருக்கணும். ரொட்டி ஆறிடக் கூடாது. டீ நல்லா ஸ்ட்ராங்கா இருக்கணும். எதுலயும் அவன் கொறை சொல்லிடக் கூடாது."

"ஏன், குறை சொன்னா அடிப்பாரா?"

"அடிச்சாக்கூடப் பரவால்ல. காரை வெச்சுக்குவான்."

நார்மன் நாற்பது வருஷம் மாட்டுத் தீவன லாரி ஓட்டியவர். பனியில், மலைப்பாதையில், ஒரு பக்கம் கற்சுவர் மறுபக்கம் பள்ளம் என்று ஓட்டிய கை. இப்போது கண்ணில் கோளாறு. நேர் எதிரில் இருப்பதே தெரிவதில்லை. இதை அவர் சொல்லவில்லை. டம்ளரைத் தேடித் துழாவும் கையையும், பக்கத்து வீட்டுக்காரரை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போவதையும் பார்த்துத் தெல்மாவாகக் கண்டுபிடித்தது. கண் டாக்டரிடம் வர மாட்டேன் என்று அடம். வெளிச்சம் சரியில்லை, கண்ணாடி பழசு என்று ஆயிரம் சாக்கு.

தெல்மாவின் பிழைப்பு என்ன தெரியுமா? இருபத்தாறு வருஷம், அவர்கள் கிராமத்துப் பள்ளிக்கூட வாசலில், மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு, நீளக் கம்பில் மாட்டிய வட்டப் பலகையைக் காட்டி வண்டிகளை நிறுத்திக் குழந்தைகளை ரோட்டைக் கடக்க வைத்தவள். மழை, ஆலங்கட்டி, எதற்கும் நகர மாட்டாள். பலகையை மதிக்காமல் போன ஒரு டிராக்டரைத் துரத்திப் போய், ஓட்டியவனின் காதைப் பிடித்து இழுத்ததாக ஒரு கதை. உண்மையா என்று கேட்டேன். "காது இல்ல, சட்டைக் காலர்" என்றாள். வண்டிகளை நிறுத்தத் தெரிந்தவள் தானே ஒரு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டில்தான் ஒருவர் இருந்தாரே.

போன மார்ச் மாதம், அதே பள்ளிக்கூட வாசலில், ஒரு சின்னப் பெண் ரோட்டில் காலை வைத்திருக்கிறாள். நார்மன் ஓட்டிக்கொண்டிருந்தார். தெல்மா கத்தினாள். வண்டி அந்தக் குழந்தையின் புத்தகப் பையை உரசிக்கொண்டு நின்றது.

"'பாத்துட்டேன், நீ கத்தலன்னாலும் நிறுத்திருப்பேன்'னான்" என்றாள் தெல்மா. ஈரத் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அவன் பாக்கல கண்ணு. பக்கத்துல ஒக்காந்திருந்தவ எனக்குத் தெரியாதா? நான் யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பொண்ணோட அம்மாவ நான்தான் சின்ன வயசுல ரோட்டக் கடத்தி விட்டேன்."

ஏழு மாதம் சண்டை போட்டு, கெஞ்சி, பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றிருக்கிறது. ஒரு வாரம் கார் இல்லாமல் விடுமுறை. அந்த வாரத்தில் ஒரே ஒரு தடவை "கார் இருந்திருந்தால்" என்று நார்மனுக்குத் தோன்றினாலும் கார் அவரிடமே இருக்கும், பிறகு அவள் வாய் திறக்கக் கூடாது. தோன்றவே இல்லை என்றால் காரை விற்றுவிட்டு லைசென்ஸையும் திருப்பி அனுப்பிவிடுவார். தோன்றியதா இல்லையா என்று சொல்லப்போகிறவரும் அவரே. எப்பேர்ப்பட்ட பந்தயம் பாருங்கள்!

அன்றிலிருந்து எனக்கும் பிடித்துக்கொண்டது அந்த வியாதி. மேகம் கறுத்தால் சன்னலுக்கு ஓடுவேன். பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் நானும் தெல்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். வயதில் எனக்கு மூத்தவள்தான், ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து இப்படிப் பயந்ததில் மூன்றாம் நாளே வாங்க போங்க எல்லாம் போய்விட்டது.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அந்த வாரம் ஊரே அவளுக்காகப் பாடுபட்ட மாதிரிதான் இருந்தது. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் வெயில் அடித்தது. திடலில் பித்தளை வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். நார்மன் கசாப்புக்கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட சூடான பலகாரத்தைச் சாறு ஒழுகத் தின்றபடி, முன்பின் தெரியாத கிழவர்களோடு ஆட்டு விலையைப் பற்றிச் சண்டை போட்டார். புதன்கிழமை பஸ்ஸில் மடாலயத்து இடிபாடுகளுக்குப் போனார்கள். திரும்பி வந்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி பழக் கேக்கின் மேல் ஒரு துண்டு பாலாடைக்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு நார்மன் சொன்னார்.

"பஸ்ஸுல ஒரு சௌகரியம். சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியுது. நாப்பது வருஷமா எனக்கு ரோடு மட்டும்தான் தெரிஞ்சுச்சு."

தெல்மா எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது, அழுதிருக்கிறாள் என்று மூக்கைப் பார்த்தே தெரிந்தது.

நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். நார்மன் யாரிடம் பேசினாலும் நேராகப் பார்க்க மாட்டார். முகத்தைச் சற்றே திருப்பி, ஏதோ சந்தேகப்படுகிறவர் மாதிரி ஓரக்கண்ணால் பார்ப்பார். சாப்பாட்டுப் பட்டியலை நான் நீட்டினால் கையிலேயே வாங்க மாட்டார், "அவ திங்கறதே எனக்கும்" என்றுவிடுவார். அந்தப் பார்வை மட்டும் அவர் பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலை ஊர் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமைதான் கில்பெக் கிராமத்தில் இலையுதிர் காலத்து ஆட்டு ஏலம். ஒன்பது மைல் தூரம், குன்றுகளுக்குள். போயே தீருவேன் என்று நார்மனுக்கு ஒரே துடிப்பு. தெல்மாவுக்கோ நடந்து நடந்து குதிகாலில் கொப்புளம், செருப்பே போட முடியவில்லை.

"நீ காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒக்காரு புள்ள. நான் என்ன பச்சக் கொழந்தையா? டீக்குத் திரும்பிடுவேன்."

"போன எடுத்துக்கிட்டியா?"

"அது கார்ல கெடக்கு, வீட்ல. எப்பவும் அங்கதான கெடக்கும்."

அவர் தனியாகப் பஸ்ஸில் ஏறுவதைச் சன்னலிலிருந்து பார்த்தோம். தானாக, ஆசையாக, கார் இல்லாமல் ஓர் இடத்துக்குப் போகிறார். தெல்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. ஜெயித்துவிட்டாய் என்று சொல்ல வாயெடுத்து, எதற்கு வம்பு என்று விழுங்கிவிட்டேன்.

கில்பெக்குக்குப் போவது ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் முறைபோட்டு ஓட்டும் சின்ன பஸ். அன்றைய முறை ஜூலியனுடையது. தெற்கே லண்டன் பக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று இங்கே குடிவந்தவர். தங்கமான மனிதர். எதற்கும் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்பார்.

சாயங்காலம் நாலரை மணி வாக்கில் அந்த பஸ் திடலுக்குத் திரும்பியது. நாங்கள் இன்னும் அடுப்பில் சட்டி வைக்கவில்லை. தற்செயலாக நான் ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன். தெல்மாவும் காற்றாட நொண்டிக்கொண்டே வந்தாள். ஜூலியன் காலி பஸ்ஸின் விளக்கை அணைத்துவிட்டு இறங்கினார்.

"மன்னிச்சுக்கங்க திருமதி ஹார்க்கர், உங்க கணவர் இந்த பஸ்ஸுக்கு வரலையே. அவருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துகூடப் பாத்தேன். வேற யார்கூடவாவது வந்துட்டாரா?"

"ஏன், அடுத்த பஸ்ல வருவான்."

"அடுத்த பஸ் கிடையாதுங்களே. இதுதான் கடைசி."

தெல்மாவின் முகம் அப்படியே செத்துப்போயிற்று. "கடைசியா? அவன்கிட்ட சொன்னீங்களா?"

"எறங்கும்போது கேட்டாரே. 'டீக்கு ஒரு பஸ் இருக்குல்ல?'ன்னு. இருக்குன்னு சொன்னேன். இதோ, டீ நேரம்தானே?"

"டீக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு!" என்று தெல்மா கத்தினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு டீ என்றால் குடிக்கிற டீ இல்லை. அது சாயங்காலச் சாப்பாடு. ஆறு மணி வாக்கில், உருளைக்கிழங்கும் கறியும் குழம்புமாகத் தட்டு நிறைய வரும் டீ. ஜூலியனுக்கு டீ என்றால் மாலை நாலு மணிக்குப் பிஸ்கட்டோடு குடிக்கிறது. ஒரு கிழவர் ஆறு மணியைக் கேட்டார், இன்னொரு கிழவர் நாலு மணியைச் சொன்னார், இரண்டு பேரும் நன்றி சொல்லிக்கொண்டு பிரிந்துவிட்டார்கள்.

"ஸ்டாப்புல நேரம் எழுதி ஒட்டியிருக்கே, பாத்திருக்கலாமே..." என்றார் ஜூலியன் பாவமாக.

நார்மனால் அதைப் படிக்க முடியாது. படிக்க முடியாததால்தான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்.

கில்பெக்கில் கைப்பேசி எடுக்காது. ஏலக் கொட்டகைக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊரில் இருக்கும் ஒரே டாக்சி யாரையோ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஜூலியன் பஸ்ஸை எடுக்கிறேன் என்றார், ஆனால் டீசல் தீர்ந்திருந்தது, சாவி வேறு பஸ்ஸை நடத்தும் சங்கத்தின் அலமாரிக்குப் போயாக வேண்டும். அவர் சொந்தக் கார் பழுது பார்க்கக் கிடக்கிறதாம். எதிரில் கடையைக் கழுவிக்கொண்டிருந்த கசாப்புக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுக் குரல் கொடுத்தார்.

"நான் வேனை எடுக்கட்டுமா? பத்து நிமிஷத்துல கழுவி முடிச்சுடுவேன்."

"வேணாம்" என்றாள் தெல்மா.

"என்ன வேணாம்?" என்றேன் நான்.

"வேணாம்னா வேணாம். அவனே வருவான்."

அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஆள் முக்கியமா, பந்தயம் முக்கியமா?"

"உனக்குப் புரியல கண்ணு." அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "நேத்துப் படுக்கும்போது சொன்னான், 'காரு ஞாபகமே வரல தெல்மா'ன்னு. அவனாச் சொன்னான். இப்ப ஒரு வண்டி போயி அவனக் கூட்டிட்டு வந்துச்சுன்னு வையி. வந்து எறங்குவான். 'பாத்தியா?'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்வான். அந்த ஒரு வார்த்த போதும். திங்கக்கெழம காலைல அந்தப் பள்ளிக்கூட ரோட்ல ஓட்டுவான். இன்னொரு தடவ நான் கத்தறதுக்குள்ள..."

கசாப்புக்காரருக்குக் கையால் ஜாடை காட்டினேன், கொஞ்சம் பொறுங்கள் என்று.

சந்தைத் திடலின் நடுவிலிருக்கும் கல் சிலுவையின் படியில் உட்கார்ந்தோம். கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். அக்டோபர் மாதத்து வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். கில்பெக் ரோட்டிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டிக்கும் தெல்மா எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நடந்து வருவான்" என்றாள் திடீரென்று. "அவனத் தெரியும். பஸ் போயிடுச்சுன்னு தெரிஞ்சா யார்கிட்டயும் கேக்க மாட்டான், நடக்க ஆரம்பிச்சுடுவான்."

"நடக்கட்டும். மெதுவா வந்து சேரட்டும்."

"அந்த ரோட்ல நடக்க ஓரமே கெடையாதே. ரெண்டு பக்கமும் சுவரு. கறுப்புக் கோட்டு வேற போட்டிருக்கான்." பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "கண்ணு, அவன மாதிரியே ஒருத்தன் எதுத்தாப்புல ஓட்டிக்கிட்டு வந்தா?"

அவ்வளவுதான். குதிகால் கொப்புளம் உடைந்து காலுறையில் ரத்தம் தெரிய, கசாப்புக்கடையைப் பார்த்து ஓடினாள். "வேனை எடுங்க! அய்யோ, வேனை எடுங்க! கார் போனா போகுது, எனக்கு ஆள் வேணும்!"

கசாப்புக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வேன் கதவைத் திறந்தார். அந்த நேரத்தில் கில்பெக் ரோட்டிலிருந்து சேறு அப்பிய ஒரு பழைய லேண்ட் ரோவர் திடலுக்குள் வந்து எங்கள் முன்னால் நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண்மணி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் நார்மன். பின்னால் இரண்டு நாய்களுக்கு நடுவே சிவந்த முகத்தோடு ஒரு விவசாயி. அவர்தான் முதலில் தலையை நீட்டினார்.

"யாரும்மா இங்க தெல்மா? இந்தாங்க உங்க ஆளு! நான் டெரிக். ஒரு கீறல் இல்லாம ஒப்படைச்சுட்டேன்."

நார்மன் மெதுவாக இறங்கினார். தெல்மா அவர் கோட்டை, கையை, முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு மூச்சு வந்தது. கூடவே அடுத்த பயமும் வந்தது. இதோ சொல்லப்போகிறார், அந்த ஒரு வார்த்தையை.

ஆனால் பேசியது டெரிக், உள்ளே போன பீர் பேச வைத்தது.

"தப்பு என்னோடதுதாங்க. ஆடு நல்ல வெலைக்குப் போச்சு, மூணு கிளாஸ் ஏத்திட்டேன். இவரு ஒரு சொட்டுத் தொடல. பஸ்ஸ வேற விட்டுட்டேன்னாரு. சரி, சாவிய நீட்டினேன். 'லாரி ஓட்டுன ஆளு, நீங்களே ஓட்டுங்க, ஒங்கள ஊர்ல விட்ட மாதிரியும் ஆச்சு'ன்னேன். வாங்கிக் கையில வெச்சுக்கிட்டே நின்னாரு, நின்னாரு. அப்பறம் திருப்பிக் குடுத்துட்டாரு. 'முடியாதுப்பா, எனக்குக் கண்ணு தெரியல, ரெண்டு குளிர்காலமா தெரியல'ங்கறாரு! அப்பறம் ஆள் அனுப்பி எங்க வீட்டுக்காரிய வரச்சொல்லி, அவ என்னத் திட்டித் தீத்து..."

"போதும், வாய மூடு" என்றாள் ஓட்டி வந்த பெண்மணி. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பந்தயம் முடிந்துவிட்டது. தெல்மா ஜெயித்துவிட்டாள். கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று நான் கைக்குட்டையை எடுத்தேன். ஆனால் அவள் கையை அவர் கோட்டிலிருந்து எடுத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"ரெண்டு குளிர்காலமாவா?"

நார்மன் தலைகுனிந்தார்.

"மார்ச்சுல பாத்துட்டேன்னு சொன்ன."

"பாக்கல."

"பாக்கலன்னு ஒனக்கே தெரியும்?"

"நீ கத்துனப்பதான் தெரிஞ்சுச்சு."

இந்த ஊரில் பொது இடத்தில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். காலை மிதித்தால் மிதிபட்டவன்தான் மன்னிப்புக் கேட்பான். அன்று தெல்மா ஹார்க்கர் போட்ட சத்தத்தில் திடலைச் சுற்றி மாடிச் சன்னல்கள் திறந்தன.

"பேரப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுக் கடலுக்குப் போனியே! அப்பவும் தெரியலயா? பனி கொட்டுனப்ப என்னைய வெச்சுக்கிட்டு மலையேறுனியே, அப்ப? எனக்குச் சந்தேகம்தான் இருந்துச்சு, ஒனக்குத் தெரியும்! தெரிஞ்சே ஓட்டுன! ஏழு மாசமா நான் தூங்கல நார்மன், நீ பக்கத்துல படுத்துக் கொறட்ட விட்ட!"

நார்மன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். அவள் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் திருப்பினார், ஓரக்கண்ணில் மட்டும்தான் அவருக்குப் பார்வை மிச்சம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நம்ம வீட்ல ஓட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான புள்ள" என்றார். குரல் எழும்பவே இல்லை. "நான் நின்னுட்டா நீயும்ல நிக்கணும்."

"நிக்கறேன்!" என்று கத்தினாள் தெல்மா. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, துடைக்கவில்லை. "நிக்கறேன்டா! இந்த வாரம் பூரா எங்க நின்னேன்? பஸ் ஸ்டாப்புலதான நின்னேன்? உன்கூடத்தான நின்னேன்?"

அவர் கையை நீட்டினார். அவள் தட்டிவிட்டாள். நன்றாக இருட்டிவிட்டிருந்தது, விடுதி திடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பிறகு அவளே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரோட்டில் இறங்கினாள்.